மூன்றாம் பாகத்தோடு நின்றவன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்க ஆசைதான். அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு உன்மேல் கோபம். இந்த இரண்டையும் கழித்துவிட்டால் மற்றபடி சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தங்கியிருக்கும் அறையில் காற்று வருகிறதா, கூட வேலை பார்ப்பவர்கள் எப்படி என்று எதையும் எழுதவில்லை. 'வந்து சேர்ந்தேன். நலம்.' என்று ஒரு கடிதம். லிஃப்ட் பழுது என்று நீங்கள் ஒட்டுகிற அட்டையில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும். கம்பெனி போனில் கூப்பிட்டால் 'ம்' என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அவ்வளவு தூரத்தில் நாற்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை வந்து சொன்னாய். திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு 'சும்மாதான் அக்கா' என்றாய். சும்மா யாராவது ஊரை விட்டுப் போவார்களா? அத்தான் சொல்கிறார், அவன் என்ன சின்னப் பிள்ளையா, நாற்பதைத் தாண்டியவன், விட்டுப் பிடி என்று. விட்டுத்தான் இருக்கிறேன். நெஞ்சு கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கண்ணாடிக் கடையைச் சாத்திய பிறகு, கண் பரிசோதிக்கும் அறையில் வழக்கம்போல நாற்காலிகளைப் போட்டுக்கொள்கிறோம். உன் நாற்காலியில் இப்போது ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உட்காருகிறார். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர்; இங்கே நாவல் படிக்கிறோம் என்று தெரிந்ததும் தாமாகவே ஒட்டிக்கொண்டார். வந்த அன்றைக்கே, புத்தகத்தை ஏன் ஆறு துண்டாக வெட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு என் உயிரை வாங்கிவிட்டார்.

நான் சொன்னேன். இது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல், யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் தந்திருக்கிறார், தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரதி, அதுவும் முதுகு பிய்ந்தது. ஒருவர் படித்து முடித்து அடுத்தவருக்குத் தருவதென்றால் எங்களில் பாதிப் பேர் காத்திருந்தே கிழவர்களாகிவிடுவோம். அதனால் என் தம்பி அதைக் கத்தியால் ஆறு பாகமாக அறுத்து, கறுப்பு டேப் ஒட்டி, அட்டை போட்டுக் கொடுத்தான். யாருக்கு எந்தப் பாகம் கிடைக்கிறதோ அதைப் படிக்க வேண்டியது, மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ள வேண்டியது. முடிவை முதலில் படித்தவர்களும் எங்களில் உண்டு. தம்பி மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தான். ஒரு விதியும் போட்டான்: அடுத்தவர் படிக்காத பாகத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் எல்லாருடைய டீக் கோப்பையையும் கழுவ வேண்டும்.

தபால்காரர் கேட்டுவிட்டு, ஒரு கடிதத்தைக் கிழித்து ஆறு வீட்டில் போட்ட மாதிரி இருக்கிறதே என்றார். கதை என்ன என்று கேட்டார். ஒரு ஆறு, அதில் ஓடம் விடும் பெரியவர், அவருக்கு ஒரு பெண். அங்கே பாலம் கட்ட ஒரு என்ஜினியர் வருகிறான். பாலம் வந்தால் ஓடத்துக்கு வேலை இல்லை. அவனுக்கோ ஓடக்காரர் பெண்ணைப் பிடித்துப்போகிறது. இவ்வளவுதான் சொன்னேன். இதற்கா தொள்ளாயிரம் பக்கம் என்று வாயைப் பிளந்தார்.

இந்த மாதம் ஆளுக்கொரு தினுசாகப் பேசினார்கள். பல் டாக்டருக்கு இரண்டாம் பாகம். ஆற்றங்கரைச் சேற்றை மட்டும் இருபது பக்கம் எழுதியிருக்கிறானே, ஒரு பல்லைப் பிடுங்க நான் இவ்வளவு நேரம் எடுத்தால் ஆள் எழுந்து ஓடிவிடுவான் என்று திட்டித் தீர்த்தார். ரொட்டிக்கடை அண்ணனுக்கு நாலாம் பாகம். அவர் அதைப் படித்து மாவு பிசையும்போதே அழுதாராம். அன்றைக்கு ரொட்டியில் உப்புக் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று டாக்டர் கிண்டல் செய்தார். அத்தான் முதல் பாகத்தில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. தூக்க மாத்திரையைவிட இது உடம்புக்கு நல்லது என்கிறார். எனக்கு ஆறாம் பாகம். பிடித்ததா இல்லையா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. விதி இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சரிடம் ஐந்தாம் பாகம் இருக்கிறது. அதைத் தரவே மாட்டேன் என்கிறார். போன மாதமும் அவரிடம்தான் இருந்தது. அந்தப் பாகம் எங்கள் எல்லாருக்கும் கொட்டாவி. ஓடம் ஆற்றைக் கடக்கிறது, கடக்கிறது, கடந்துகொண்டே இருக்கிறது. இவருக்கு மட்டும் புத்தகமே அதற்காகத்தான் எழுதப்பட்டதாம். டாக்டர் சும்மா சீண்டினார். இவர் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினார். விதியை மீறாமலே கழுவியது இவர் ஒருவர்தான்.

அந்த டீச்சரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு லிஃப்ட் இல்லாத அந்த மூன்று மாடியை நீ எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாய்! எனக்கு வந்ததே ஆத்திரம். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன், என் தம்பி அங்கே ராஜா மாதிரி இருக்கிறான், இந்தத் தெருவையே மறந்துவிட்டான், அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பெண் பார்ப்பது பொய் இல்லை. நிஜமாகவே பார்க்கப் போகிறேன். மூக்கால் அழாதே.

ஒரு வேலை இருக்கிறது. மூன்றாம் பாகத்தை உன் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அது இல்லாமல் இங்கே எல்லாருக்கும் நடுவில் பள்ளம். உடனே தபாலில் அனுப்பு. கூடவே ஒரு பக்கமாவது கடிதம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்பு வாரைப் போட்டுக்கொள், 'தெரியும் அக்கா' என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கும்போதே உன் கை கிரீஸ் வாசனை. கடிதம் இருக்கிறதா என்று அட்டையை உதறிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. சரி, நீ சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை. கடையில் வியாபாரம் சுமார், பாதி நாள் ஈ ஓட்டுகிறேன். அதனால் மூன்றாம் பாகத்தைக் கடையிலேயே உட்கார்ந்து படித்து முடித்தேன்.

அந்த என்ஜினியர் பெண் கேட்கிற இடம். ஆற்றுப் படியில் நின்றுகொண்டு அவன் வரிசையாகச் சொல்கிறான். பாலம் வந்துவிட்டால் ஓடம் ஓடாது. உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. எனக்குப் பாலத்தடியில் வீடு தருகிறார்கள், வெள்ளம் வராத இடம், அடுப்பு பெரியது, அப்பாவுக்குத் தனி அறை உண்டு. அவள் வேண்டாம் என்கிறாள். அவன் தொப்பியை எடுத்து வணங்குகிறான், பெட்டியை மூடுகிறான், வேறு ஊரில் வேறு பாலம் கட்டப் போய்விடுகிறான். அதோடு உன் பாகம் முடிகிறது.

சனிக்கிழமை அந்த இடத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்; அதை வைத்து ஒரே சண்டை. டாக்டருக்கு முதல் தடவையாக அந்த ஆளைப் பிடித்துவிட்டது. பூசி மெழுகாமல் உள்ளதைச் சொன்னான், இல்லை என்றதும் கௌரவமாகப் போனான் என்று. தபால்காரர், அந்தப் பெண்ணுக்குத் திமிர் என்றார். ரொட்டிக்கடை அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பெண் கேட்கப் போனவன், வீடு வாடகைக்கு விட வந்தவன் மாதிரி பேசினால் எவள் சரி என்பாள் என்று கத்தினார். டீச்சர் அன்றைக்கு வரவில்லை. அப்பாவுக்கு மூச்சுத் திணறல்.

எனக்கு அப்போதுதான் நீ கடைசியாக வந்த கூட்டம் ஞாபகம் வந்தது. மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு வந்து, யாரும் கேட்காமலே, உன் விதியையே மறந்து பேசினாய். ஒரு தடவை இல்லையென்றால் இல்லைதான், மறுபடி போய் நிற்பது மரியாதை கெட்ட வேலை, அவன் ஊரை விட்டுப் போனதுதான் சரி என்றாய். கல்லுளிமங்கன் இவ்வளவு பேசுகிறானே, நாவல் உள்ளே இறங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்போது டீச்சர் உன்னைப் பார்த்து, ஐந்தாம் பாகத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்றார். எல்லாரும் சிரித்தோம். உன் விதிப்படி அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரின் அப்பாவுக்குக் கண்ணாடியின் மூக்குப் பிடி உடைந்துவிட்டது. புதுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறிப் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். காதுக்குப் பின்னால் சரியாக உட்காருகிறதா என்று நான் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லிஃப்ட்காரத் தம்பி ஏன் வருவதில்லை என்று பெரியவர் கேட்டார். வெளியூர் போய்விட்டான் என்றேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வாசலில் நின்று நீ கல்யாணத்துக்குக் கேட்டதையும் டீச்சர் வேண்டாம் என்றதையும் சொன்னார். படுத்திருந்தாலும் அவருக்குக் காது பாம்புக் காது.

அடப் பாவி, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

என்ன சொல்லிக் கேட்டான் என்று விசாரித்தேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், நிற்கவே நிற்காது, உங்கள் அப்பா படி ஏற வேண்டியிருக்காது, சாயங்காலம் கீழே வந்து உட்காரலாம், பள்ளிக்கூடமும் அங்கிருந்து பக்கம் என்றாயாம். வேறு என்ன சொன்னான் என்றேன். பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ்வளவுதாம்மா. நானும் உள்ள படுத்துக்கிட்டு, இன்னும் ஏதாவது சொல்லுவார்னு காத்துக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தேன் அல்லவா, அதற்கு இது வேண்டும். லிஃப்ட்டை விற்கிறவன்கூட வாங்குகிறவரிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசுவானே. எங்கேயோ ஒரு என்ஜினியர் தொள்ளாயிரம் பக்கத்தில் செய்த மடத்தனத்தை, அதைப் படிப்பதற்கு முன்னாலேயே நீ நாலு நிமிஷத்தில் செய்து முடித்திருக்கிறாய். அப்புறம் அதைப் படித்துவிட்டு, அவன் போனான் என்று நீயும் போயிருக்கிறாய். புத்தகம் இன்னும் பாதி இருக்கிறதடா!

அந்த டீச்சர் முன்னால் நான் பேசிய பேச்சை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ராஜா மாதிரி இருக்கிறான், தெருவையே மறந்துவிட்டான். இனிமேல் அதை எப்படித் திரும்ப எடுப்பேன்? வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

நாலாம் பாகத்தை இதோடு அனுப்புகிறேன். ஐந்தை முதலில் அனுப்பினால் நீ தொட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் படி. அதைவிட முக்கியம், டீச்சருக்கு நீயே ஒரு கடிதம் எழுது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. கட்டடம், படி, பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம்.

மனசைக் குழப்பிக்கொள்ளாமல் வேலையைப் பார். நான் திட்டினாலும் உனக்காகத்தான் திட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம் எழுதியிருந்தாய்; உன் கணக்கில் அது பெரிய காரியம். அவர் சொன்னது சொன்னதுதான், அதை மதிக்க வேண்டும், அவரைத் தொந்தரவு செய்யாதே அக்கா என்று எழுதியிருந்தாய். நாலாம் பாகம் பாதி வந்துவிட்டதாகவும் நன்றாகப் போகிறது என்றும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு மடித்து வைத்தேன். கோபம் வரவில்லை. கோபப்படும் கட்டத்தை எல்லாரும் தாண்டிவிட்டோம்.

டீச்சரின் அப்பா போய்விட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்; உடனே எழுத எனக்கு மனம் வரவில்லை. மூச்சுத் திணறல் அதிகமாகி, ஆஸ்பத்திரி டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. டீச்சர் முதலில் ஓடி வந்தது என் கடைக்குத்தான். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, குனிந்து உள்ளே வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் பேசிய பேச்சையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் என்னிடம்தான் வந்தார் பார்.

பெரியவரைக் கீழே கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ரொட்டிக்கடை அண்ணன் முன்னால், பல் டாக்டரும் தபால்காரரும் நடுவில், அத்தான் முழங்கால் வலியோடு பின்னால். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடம் போதவில்லை. எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எவ்வளவு பெரிய இயந்திரத்தையும் எந்த மூலையிலும் நீ திருப்புவாயே, என் தம்பி இங்கே இருந்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீச்சர் மேல் படியில் நின்றிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காகக் கீழே வராத பெரியவர், தம்பி. சாயங்காலம் கீழே உட்காரலாம் என்று நீ சொன்னதை அவர் மறக்கவே இல்லை. நான் கடைசியாகப் போனபோதுகூட, உங்கள் கட்டடத்து வாசலில் பெஞ்சு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எனக்கு இதை எழுத முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை ஒத்துக்கொண்டுவிட்டாராம், தங்க இடமும் அவர்களே தருகிறார்களாம். இந்தப் பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடியதும் வீட்டைக் காலி செய்கிறார். ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தரத்தான் வந்தேன் என்று மேசைமேல் வைத்தார். அப்புறம் என்னிடம் சில விஷயம் பேசினார். பேசி முடித்ததும், இதில் ஒரு எழுத்துகூட உனக்கு எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினார். பரிதாபப்பட்டு யாரும் வர வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் அவர் பேசியதை உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நான் மனுஷி இல்லை.

ஆனால் சென்ற சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவர் நாவலைப் பற்றிப் பேசினார். அதற்கு யாரும் வாக்கு வாங்கவில்லை. டாக்டர் மறுபடியும், ஓடக்காரர் பெண் ஏன்தான் மறுத்தாளோ, வீடு, அடுப்பு, அப்பாவுக்கு அறை எல்லாம் கொடுத்தானே என்று ஆரம்பித்தார். டீச்சர் வழக்கமாக மெல்லப் பேசுகிறவர். அன்றைக்கு அறை முழுக்கக் கேட்டது.

"அவன் எல்லாத்தையும் சொன்னான். அவளை மட்டும் சொல்லல. அவங்க அப்பாவுக்கு ஒரு நல்லது பண்ண வந்தவன்னு நினைச்சா. அதனாலதான் வேண்டாம்னா."

டாக்டர் கையிலிருந்த பாகத்தை மூடி வைத்தார். அவருக்கு உள் விஷயம் ஒன்றும் தெரியாது. ரொட்டிக்கடை அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கண் பரிசோதிக்கச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

தம்பி, ஐந்தாம் பாகத்தை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. பார்சல் போய்ச் சேர வேண்டும், நீ நாலை முடிக்க வேண்டும், அதற்குள் அந்த வீட்டுக்கு வேறு யாராவது குடி வந்துவிடுவார்கள். உன் விதியை உடைக்கிறேன். ஆயுசு முழுக்க வேண்டுமானாலும் கோப்பை கழுவுகிறேன், இதைப் படி.

ஒன்பது வருஷம் கழித்து அந்த என்ஜினியர் திரும்பி வருகிறான். அவன் கட்டின பாலம் நிற்கிறது, ஊரே அதில் போகிறது. ஓடமும் இருக்கிறது. பாலத்தைப் பார்த்துப் பயப்படுகிற நாலு பேருக்காக அவள் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அப்பா போய்விட்டார். இவன் பாலத்தில் நடக்காமல் கீழே இறங்கி வந்து, மற்றவர்கள் மாதிரிக் காத்திருந்து ஓடத்தில் ஏறுகிறான். பனி மூடியிருக்கிறது. இவன்தான் என்று அவளுக்குத் தெரிகிறது, அவளும் பேசவில்லை, இவனும் பேசவில்லை. நாங்கள் எல்லாரும் கொட்டாவி விட்டோமே, அந்த நாற்பது பக்கம் இதுதான். நேற்று அதை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை எனக்குக் கொட்டாவி வரவில்லை. எப்போதடா வாயைத் திறப்பாய் என்று அவன்மேல் கத்தலாம் போல இருந்தது.

அக்கரை கண்ணுக்குத் தெரிகிறபோது அவன் சொல்கிறான். உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை, உனக்கு எதுவும் தேவை என்றும் நான் நினைக்கவில்லை, நீ இருக்கிற இடத்தில் இருக்க ஆசைப்படுகிறேன், அன்றைக்கும் இதற்காகத்தான் வந்தேன் என்று. அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்கிறாள். அவ்வளவுதான் ஐந்தாம் பாகம்.

ஆறாம் பாகத்தில் அவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அது நல்ல முடிவா இல்லையா என்று இங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. ரொட்டிக்கடை அண்ணன் நல்ல முடிவு என்கிறார். தபால்காரர், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது, தாமதம் ஒரு குற்றமா என்கிறார். எனக்கு அந்த ஒன்பது வருஷம்தான் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பெரியவர் அவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்க்காமலே போனார். அதை எந்தப் பாகத்திலும் சரி செய்ய முடியவில்லை.

இனிமேல் எழுதுவது என்னுடைய சொந்தப் பேச்சு. யாரும் சொல்லி எழுதவில்லை. இங்கே பெண் பார்ப்பதையெல்லாம் நிறுத்திவிட்டேன். எல்லார் எதிரிலும் அதைச் சொல்லவும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் அடுத்த வெள்ளிக்கிழமை மூடுகிறது. ஒரு நாள் லீவு கேள். தர மறுத்தால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், நான் வேண்டுமானால் படுத்துக்கொள்கிறேன். உதவி செய்ய வந்த மாதிரி வராதே. துக்கம் கேட்க வந்தேன் என்றும் நிற்காதே. பெட்டி கட்ட, சாமான் இறக்க என்று கையில் வேலையை எடுத்துக்கொள்ளாதே, உனக்கு வேலை கிடைத்தால் பேச்சை மறந்துவிடுவாய். கையை வீசிக்கொண்டு போ. உனக்கு என்ன வேண்டும் என்று சொல். அது தப்பில்லை தம்பி. உனக்கு ஒன்று வேண்டும் என்று நீ யாரிடமும் கேட்டு நான் பார்த்ததே இல்லை, என்னிடம்கூட.

இந்தத் தடவையும் அவர் வேண்டாம் என்றால், அது வேண்டாம்தான். அவர் முடிவு அது. நீயும் நானும் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அப்போது அங்கிருந்து நேரே ரயிலுக்குப் போய்விடாதே. வீட்டுக்கு வா. அத்தானை வெளியே அனுப்பிவிடுகிறேன். நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன், உட்கார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். சோறு போட்டு வைத்திருப்பேன், நீ பாட்டுக்குச் சாப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு இருப்பவரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுத வேண்டாம், எழுதுகிற நேரத்தில் கிளம்பிவிடு.

உன்னைச் சுமந்து வளர்த்த,
அக்கா